வேகத்தைப் பார்ப்பவர் யார்?

இராமேசுவரம் தொடக்கப்பள்ளியில் சிவசுப்பிரமணிய ஐயர் பறவை பறக்கும் விதத்தைக் கரும்பலகையில் வரைந்து விளக்கினார். புரியவில்லை என்று மாணவர்கள் சொன்னதும் கடற்கரைக்கே அழைத்துப்போய்க் காட்டினார். அப்துல் கலாம் பல மேடைகளில் சொன்ன நிகழ்ச்சி இது. பறத்தலுக்கு அந்தப் பாடம் போதும். தரையிறங்குவதைக் கற்பிக்க நான் தேடியபோது கிடைத்தது பெங்களூரில் நடந்த ஒரு விபத்து.

தேட வைத்தது ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவன். உச்சிப்புளியில் உள்ள கடற்படையின் ஐ.என்.எஸ். பருந்து தளத்து விமானங்களைப் பார்த்தே வளரும் பிள்ளைகள் எங்கள் பகுதியில் உண்டு. “சார், இறங்குறப்ப பைலட் ஓட்டுவாரா, கம்ப்யூட்டர் ஓட்டுமா?” என்றான். “ரெண்டும்தான்” என்று சொல்லி அடுத்த பாடத்துக்குப் போய்விட்டேன். தவறான பதில் இல்லை. ஆனால் ஆபத்தே அந்த ‘ரெண்டும்’ என்ற சொல்லுக்குள்தான் இருக்கிறது.

1990 பிப்ரவரி 14. பம்பாயிலிருந்து வந்த இந்தியன் ஏர்லைன்ஸ் 605, பெங்களூர் எச்.ஏ.எல். விமான நிலையத்தில் இறங்க வேண்டும். பட்டப்பகல், தெளிவான வானம். ஏர்பஸ் ஏ-320 விமானம் வாங்கி மூன்று மாதம்கூட ஆகவில்லை. ஓடுதளத்தைத் தொடுவதற்கு முன்பே கோல்ஃப் மைதானத்தில் மோதி எரிந்தது. இருந்த 146 பேரில் 92 பேர் இறந்தனர். இயந்திரங்களில் கோளாறு இல்லை.

என்ன நடந்தது? இறங்கும்போது வேகம் 132 நாட் அளவில் நிற்க வேண்டும். ஆனால் தானியங்கி அமைப்பு, இயந்திரங்களைக் குறைந்தபட்ச விசையில் வைத்துக்கொண்டு இறங்கும் நிலையில் இருந்தது. நிமிடத்துக்கு 700 அடி இறங்கு என்று சொல்ல நினைத்தவர், பக்கத்துக் குமிழைத் திருகி 700 அடி உயரத்துக்கு இறங்கு என்று சொல்லியிருக்கலாம் என விசாரணையில் கருதப்பட்டது. பெங்களூரோ கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,900 அடி உயரத்தில் இருக்கும் ஊர்!

இந்த நிலையை மாணவர்களுக்கு விளக்க நம்மிடம் பாம்பன் சாலைப் பாலம் இருக்கிறது. பாலத்தின் உச்சியிலிருந்து பெடல் மிதிக்காமல் சைக்கிளில் இறங்கினால் சரிவு இருக்கும்வரை வேகம் நிற்கும். சமதரை வந்ததும் வேகம் விழும். சரிவைக் குறைத்து ஓடுதளத்தை எட்ட வேண்டுமானால் பெடலை மிதிக்க வேண்டும். அங்கே யாரும் மிதிக்கவில்லை. இயந்திரம் மிதிக்கிறது என்று இருவரும் நம்பினர்.

வேகம் 106 நாட் அளவுக்கு விழுந்தது. மேல்நிலை வகுப்பில் இதைக் கணக்காகவே கொடுக்கலாம். தூக்குவிசை வேகத்தின் இருமடியைப் பொறுத்தது. 106-ஐ 132-ஆல் வகுத்தால் ஏறத்தாழ 0.8. இருமடி 0.64. இறக்கையின் கோணம் மாறாவிட்டால் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் தூக்குவிசை போய்விட்டது. ஈடுசெய்ய மூக்கை உயர்த்தினால் காற்றின் இழுவை கூடி வேகம் இன்னும் குறையும். கடைசியில் முழு விசை கேட்கப்பட்டபோது, ஓய்ந்திருந்த இயந்திரங்கள் சூடுபிடிக்கத் தேவையான சில விநாடிகள் மிச்சமில்லை.

ஏ-320 விமானத்தில் தானியங்கி விசையைக் கூட்டினாலும் குறைத்தாலும் கைப்பிடிகள் அசைவதில்லை. அது எந்த நிலையில் இருக்கிறது என்பது திரையின் மேற்புறத்தில் சிறு எழுத்துகளில் தெரியும். பழைய பாம்பன் ரயில் பாலத்திலும் தானியங்கி இருந்தது: காற்று எல்லை மீறினால் காற்றுமானி சிக்னலைச் சிவப்பாக்கிவிடும், ரயில் நிற்கும். அதன் முடிவு எல்லோர் கண்ணிலும் அறைந்தது. திரையில் இரண்டு சொல் மாறுவது அப்படி அறையாது. 1992-இல் பிரான்சில் ஸ்ட்ராஸ்பூர்க் அருகே இன்னொரு ஏ-320 மலையில் மோதி 87 பேர் இறந்ததிலும் இதே சிக்கல்தான் முதன்மையாகச் சந்தேகிக்கப்பட்டது. இறங்கும் கோணம் 3.3 பாகை என்று நினைத்து இட்ட எண்ணை, நிமிடத்துக்கு 3,300 அடி என்று விமானம் எடுத்துக்கொண்டிருக்கலாம். திரையில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றுபோலவே தெரிந்தன. பிறகு அந்தத் திரையை மாற்றினார்கள்.

பெங்களூர் விபத்தில் ஆசிரியர்களாகிய நாம் நின்று பார்க்க வேண்டிய ஒன்று வேறு. அந்தப் பயணம் ஒரு தேர்வு. இடப்பக்கம் அமர்ந்தவர் தலைமை விமானியாகத் தகுதி பெறச் சோதிக்கப்படுபவர். வலப்பக்கம் அவரைச் சோதிப்பவர். ஒருவர் ஓட்ட, மற்றவர் வேகத்தைக் கண்காணிக்க வேண்டிய இடத்தில், கற்பவரும் கற்பிப்பவரும் இருந்தார்கள். ஆய்வு அலுவலர் வந்த நாளில் நம் வகுப்பு எப்படி நடக்கும் என்பதை நினைத்துப் பார்த்தால், அந்த அறையின் இறுக்கம் புரியும் என்று எனக்குத் தோன்றுகிறது. 2010-இல் 158 பேர் இறந்த மங்களூர் விபத்திலோ, இறங்காமல் மேலேறிவிடலாம் என்று துணை விமானி ஒன்றுக்கு மேற்பட்ட முறை சொல்லியும் தலைமை விமானி தொடர்ந்தார்.

அதனால்தான் இன்று ஒரு விதி உண்டு. தரையிலிருந்து 1,000 அடி உயரத்தில் (வானம் தெளிவாக இருந்தால் 500 அடியில்) வேகம், விசை, இறங்கும் வீதம் எல்லாம் சரியாக இருக்க வேண்டும். இல்லையென்றால் மேலேறிவிட வேண்டும். பிழையைப் பார்ப்பவர் இளையவரானாலும் உரக்கச் சொல்ல வேண்டும்.

இதை வகுப்பில் செய்து பார்த்தேன். 132 முதல் 106 வரை இறங்கும் எண்களை அட்டைகளில் எழுதி ஒரு மாணவர் மௌனமாக ஒவ்வொன்றாகக் காட்ட வேண்டும். ‘விமானி’ ஓடுதளப் படத்தின் மீது கண் வைத்திருப்பார். ‘தேர்வாளர்’ அவரிடம் விடாமல் கேள்வி கேட்பார். 125-க்குக் கீழே போனதும் இருவரில் ஒருவர் “வேகம்!” என்று சொல்ல வேண்டும். முதல் முறை 110 வரை யாரும் சொல்லவில்லை. ஆட்டத்தில் இல்லாத, கடைசி வரிசை மாணவி ஒருத்தி 120-லேயே பார்த்துவிட்டாளாம். ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

“அது என் வேலை இல்லைன்னு நெனச்சேன் சார்.”

இரண்டாம் முறை அவளைத் துணை விமானியாக உட்கார வைத்தேன். 124-இல் குரல் வந்தது.