கணைய நொதிகளும் குடல் நுண்ணுயிர்களும்

முன்னுரை

மாவு புளித்துப் பொங்குவதை நொதித்தல் என்கிறோம். அச்சொல்லின் அடியாகப் பிறந்ததே 'நொதி' என்னும் கலைச்சொல். செர்மானிய அறிஞர் கூனே 19ஆம் நூற்றாண்டில் படைத்த 'என்சைம்' என்னும் சொல்லுக்கும் 'புளித்த மாவினுள் உள்ளது' என்பதே கிரேக்க வழிப் பொருளாகும். உணவை நொதி செரிக்கச் செய்யும். செரியாது எஞ்சியதை நுண்ணுயிர் நொதிக்கச் செய்யும். இவ்விரண்டிற்கும் உள்ள தொடர்பினை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கணையத்தின் இருபணி

இரைப்பைக்குப் பின்னால் அமைந்துள்ள கணையம் நாள்தோறும் ஒரு லிட்டருக்கு மேல் நீர் சுரக்கிறது. அதிலுள்ள அமைலேசு மாவுப்பொருளையும், லைப்பேசு கொழுப்பையும், டிரிப்சின் புரதத்தையும் சிதைக்கின்றன. இது யாவரும் அறிந்த பணி. அதற்குக் காவற்பணியும் உண்டு. சிறுகுடலின் மேற்பகுதியில் மில்லிலிட்டருக்குச் சில ஆயிரம் நுண்ணுயிர்களே வாழ்கின்றன. பெருங்குடலிலோ கிராமுக்கு ஏறத்தாழ 10,000 கோடி. இரைப்பை அமிலம், பித்தநீர், குடலசைவு ஆகியவற்றோடு கணைய நீரும் இவ்வெல்லையைக் காக்கிறது. அந்நீரில் நொதிகளுடன் நுண்ணுயிர்களை அழிக்கும் புரதங்களும் உள்ளன. 2017இல் வெளிவந்த ஆய்வொன்றில், கணையத்தின் இக்காவற் சுரப்புக் குன்றிய சுண்டெலிகளின் குடலில் நுண்ணுயிர்கள் பெருகின. பல எலிகள் மடிந்தன.

காவல் குன்றினால்

நாட்பட்ட கணைய அழற்சியில் நொதிகள் குறைகின்றன. செரியாத உணவு நுண்ணுயிர்களுக்கு விருந்தாகிறது. பெருகிய அவை பித்த உப்புகளைச் சிதைத்துக் கொழுப்பு உட்கவரப்படுவதைக் கெடுக்கின்றன. வைட்டமின் பி12ஐயும் கவர்ந்துகொள்கின்றன. வயிற்றுப் பொருமல், கழிச்சல், உடல் மெலிவு ஆகியன தோன்றுகின்றன. நொதிக் குறைவுக்கும் இவையே அறிகுறிகள் என்பதே இடர்ப்பாடு. ஆதலின் நொதி மருந்து உண்டும் பொருமல் தணியாதவர், மருந்து பயனற்றதெனக் கைவிடலாகாது. மூச்சுக்காற்றில் ஹைட்ரஜனை அளக்கும் சோதனையால் நுண்ணுயிர்ப் பெருக்கத்தை மருத்துவர் ஆராய்வர். தேவையாயின் நுண்ணுயிர்க்கொல்லி மருந்தும் தருவர்.

காவலுக்கும் அளவுண்டு. பெருங்குடலை அடையும் டிரிப்சினைச் சிதைக்கும் நுண்ணுயிர்கள் உண்டென 2022இல் சப்பானிய ஆய்வாளர் கண்டறிந்தனர். நொதி நுண்ணுயிரை அடக்குகிறது. நுண்ணுயிரும் நொதியை அடக்குகிறது.

மருந்தும் மார்க்கமும்

இன்று வழங்கும் கணைய நொதி மருந்துகள் பெரும்பாலும் பன்றியின் கணையத்திலிருந்து பெறப்படுவன. இதனையறிந்து நம்மவர் தயங்குதல் இயல்பே. எனினும், எவரிடமும் கூறாது மருந்தை நிறுத்துவோர் மெலிந்து நலிவர். மாற்று வழி உண்டா என மருத்துவரிடமும், வேறு வழியற்ற நிர்ப்பந்த நிலைக்கு மார்க்கம் அளிக்கும் சலுகை குறித்து உலமாப் பெருமக்களிடமும் கேட்டுத் தெளிதல் வேண்டும். நோயாளி தனியே சுமக்க வேண்டிய வினா அன்று இது. குடும்பத்துப் பெரியோரும் உடனிருந்து தெளிவிக்க வேண்டியதாகும்.

முடிவுரை

செரிமானம் என்பது உணவைக் கரைப்பது மட்டுமன்று. குடலுள் யார் எங்கு வாழலாம் என வரையறுப்பதும் ஆகும். அவ்வரையறை குலையுமிடத்து நோயின் முதலை நாடிக் காலத்தே மருத்துவம் பெறுதல் அறிவுடையோர் கடமை எனலாம்.