எதை வைத்துச் சொல்கிறார்கள்?

பாளையங்கோட்டை

அன்புள்ள கயல்,

வாட்ஸ்அப்பில் நீ அனுப்பிய பாடத்திட்டத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஐந்து யூனிட். எகிப்தில் ஆரம்பித்து ஐரோப்பிய மறுமலர்ச்சியில் முடிகிறது. "எல்லாம் பெயரும் வருஷமுமாக இருக்கிறது அத்தை, நாலு நாளில் மறந்துபோகிறது" என்கிறாய். மறக்கத்தான் செய்யும். ஐயாயிரம் வருஷத்தை ஒரு செமஸ்டருக்குள் அடைத்தால் வேறென்ன ஆகும்? நான் பாடம் நடத்திய காலத்திலும் ஏறக்குறைய இதே கதைதான்.

கைடு வாங்கிக்கொள், தப்பில்லை. பரீட்சையில் என்ன கேட்பார்கள் என்று அதற்குத் தெரியும். ஆனால் கைடில் உள்ள ஒவ்வொரு முக்கியமான வாக்கியத்துக்குப் பக்கத்திலும் பென்சிலால் 'எதை வைத்து?' என்று எழுதிக்கொண்டே போ. பதில் கிடைக்கிற வாக்கியம் மறக்காது. கிடைக்காததை ஆசிரியரிடம் கேள். அவர் முகம் சுளித்தால் நூலகத்துக்குப் போ.

ஓர் உதாரணம் சொல்கிறேன். சிந்துவெளி பற்றிய பக்கத்தில், ஆரியப் படையெடுப்பால் அழிந்தது என்று ஒரு வரி அநேகமாக இருக்கும். எதை வைத்து? மொஹஞ்சதாரோவில் 1920-களில் தோண்டியபோது தெருவிலும் வீட்டு அறைகளிலும் படிக்கட்டருகிலும் முப்பத்துச் சொச்சம் எலும்புக்கூடுகள் தாறுமாறாகக் கிடந்தன. 1946-ல் ஹரப்பாவில் கோட்டைச் சுவரைத் தோண்டிக் காட்டிய மார்ட்டிமர் வீலர், அந்த எலும்புக்கூடுகளையும் ரிக்வேதத்தில் கோட்டைகளைத் தகர்ப்பவனாக வரும் இந்திரனையும் முடிச்சுப் போட்டார். ராணுவ அதிகாரியாக இருந்தவர், போர்க்களமாகவே பார்த்துவிட்டார் என்று எனக்குத் தோன்றும். கதை பிரமாதமாக இருந்தது, பாடப்புத்தகங்கள் பிடித்துக்கொண்டன. 1964-ல் ஜார்ஜ் டேல்ஸ் என்ற அமெரிக்கர் பழைய அகழாய்வுக் குறிப்புகளை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். எல்லாக் கூடுகளும் ஒரே மண்ணடுக்கைச் சேர்ந்தவை அல்ல. அதாவது ஒரே நாளில் செத்தவர்கள் அல்ல. கோட்டைப் பகுதியைக் காக்கச் சண்டை நடந்திருந்தால் அங்கே பிணம் விழுந்திருக்க வேண்டும், அங்கே ஒன்றுகூட இல்லை. பிறகு எலும்புகளைப் பரிசோதித்த கென்னத் கென்னடிக்கு வெட்டுக்காயம் என்று சொல்லும்படி ஓரிரண்டில்தான் தெரிந்தது. அதிலும் ஒன்று ஆறிப்போன காயம், சாவுக்குக் காரணமே அல்ல.

இதைப் படித்ததும் நம் ஆட்கள் சிலர் அடுத்த கோடிக்குப் போய்விடுவார்கள்: படுகொலை நடக்கவில்லை, ஆகவே வெளியிலிருந்து யாருமே வரவில்லை என்று. அது வேறு கேள்வி, அதற்குச் சான்றும் வேறு. ராகிகர்ஹியில் புதைக்கப்பட்ட ஒரு பெண்ணின் மரபணுவில் ஸ்டெப்பி புல்வெளி மக்களின் கலப்பு இல்லை என்று 2019-ல் ஓர் ஆய்வு வந்தது. அந்த மக்கள் கி.மு. இரண்டாம் ஆயிரத்தில் இந்தப் பக்கம் வந்து கலந்தார்கள் என்று அதே ஆண்டு இன்னொரு ஆய்வு சொன்னது. இரண்டும் ஒன்றையொன்று வெட்டவில்லை, யோசித்துப் பார். நகரங்கள் ஓய்ந்ததற்கு மழை குறைந்தது, ஆறுகள் தடம் மாறியது, மேற்கே நடந்த வியாபாரம் படுத்தது என்று பல காரணங்களைச் சேர்த்துத்தான் இப்போது பேசுகிறார்கள். பத்து மார்க் கேள்விக்கு இந்தச் சர்ச்சையையே எழுது. திருத்துகிறவர் அன்றைக்குப் பார்த்த நூறாவது விடைத்தாளில் உன்னுடையது தனியாகத் தெரியும்.

அடுத்தது, யூனிட்டுக்கு ஒரே ஒரு பொருளைத் தேர்ந்தெடுத்து அதோடு பழகு. மெசப்பொட்டேமியாவில் வெறும் ராஜாக்கள்தான் என்று அலுத்துக்கொண்டாயே, உனக்காக ஒன்று வைத்திருக்கிறேன். லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் உள்ளங்கையில் அடங்குகிற ஒரு களிமண் பலகை இருக்கிறது. இரண்டு பக்கமும் நெருக்கி நெருக்கி ஆப்பெழுத்து. கி.மு. 1750 வாக்கில் நன்னி என்பவர், ஊர் என்ற பெயர் கொண்ட நகரத்துச் செம்பு வியாபாரி எயா-நாசிருக்கு எழுதிய புகார்க் கடிதம் அது. நல்ல சரக்கு தருவதாகச் சொல்லிவிட்டு மட்டமானதை நீட்டினாய், பணம் கேட்டு எதிரி நாட்டு வழியாக வந்த என் ஆட்களை அவமரியாதையாகத் திருப்பி அனுப்பினாய் என்று பொரிந்து தள்ளுகிறார்.

இணையத்தில் இதை வைத்து நகைச்சுவைப் படங்கள் நிறைய ஓடுகின்றன, நீயும் பார்த்திருப்பாய். சிரித்து முடித்ததும் மறுபடி படி. உனக்காக அரண்மனைக்கு இவ்வளவு எடை செம்பு கொடுத்திருக்கிறேன் என்கிறார் நன்னி. அப்படியானால் தனி வியாபாரிக்கும் அரண்மனைக்கும் கணக்கு வழக்கு இருந்திருக்கிறது. நம் ஒப்பந்தத்தை முத்திரையிட்டு ஷமாஷ் கோயிலில் வைத்திருக்கிறோம் என்றும் நினைவூட்டுகிறார். சூரிய தேவனின் கோயில், நம்மூர் சார்பதிவாளர் ஆபீஸ் செய்கிற வேலையையும் செய்திருக்கிறது. செம்பு தில்முன் வழியாக வந்தது, அதாவது இன்றைய பஹ்ரைன். கடன், கடல் வணிகம், கோயில், அரண்மனை, ஆள் விட்டு வசூல் எல்லாம் அந்தத் துண்டு மண்ணில் இருக்கின்றன. 'மெசப்பொட்டேமியாவின் பொருளாதார வாழ்க்கை' என்று கேள்வி வந்தால் இங்கிருந்து தொடங்கு, மீதி தானே வரும்.

பாடத்திட்டம் ஒவ்வொரு நாகரிகத்தையும் தனித்தனி அறையில் பூட்டி வைத்திருக்கிறது. நீ ஒரு சார்ட் தாளில் குறுக்கே கோடு போட்டுப் பார். கி.மு. 2500 என்று ஒரு கோடு. கூஃபுவின் பிரமிடு கட்டி முடித்துச் சில பத்தாண்டுகள்தான் ஆகியிருக்கின்றன. ஊர் நகரத்து அரச கல்லறைகளில், சிந்துவெளிப் பட்டறைகளில் வெள்ளைக் கோடு தீட்டிய சூதுபவள மணிகளைப் பிணத்தோடு வைக்கிறார்கள். மொஹஞ்சதாரோவில் 1:2:4 கணக்கு மாறாமல் செங்கல் போட்டு வீடு எழும்புகிறது. சில தலைமுறைகள் கழித்து, மெலுஹா நாட்டு மொழியின் மொழிபெயர்ப்பாளர் என்று தன்னைச் சொல்லிக்கொண்ட ஷு-இலிஷு என்பவரின் முத்திரை வருகிறது. பாரிஸ் லூவ்ரில் இருக்கிறது. மெலுஹா சிந்துவெளிதான் என்பது பெரும்பாலான அறிஞர்களின் முடிவு. அந்த மொழி தெரிந்த ஒருவருக்கு மெசப்பொட்டேமியாவில் பிழைப்பு இருந்திருக்கிறது, நமக்குத்தான் அதன் ஒரு வரியும் படிக்க வரவில்லை.

பெருமை பேசுகிற விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. ஹாஸ்டலில் கீழடி பற்றிப் பேச்சு வரும், வரட்டும். 353 செ.மீ. ஆழத்தில் எடுத்த கரித்துண்டுக்குக் கி.மு. 580 என்று தேதி கிடைத்ததாகத் தமிழகத் தொல்லியல் துறை 2019-ல் அறிவித்தது. இதை இப்படியே சொல், எவரும் உன்னை அசைக்க முடியாது. 'உலகின் முதல் நாகரிகம்' என்று ஆரம்பித்தால் உன் கையில் இருக்கும் நல்ல சான்றும் கெட்டுப்போகும். சான்றை மறைப்பவர்கள் என்ன செய்வார்கள் என்பதற்கு ஆப்பிரிக்காவைப் பார். கிரேட் ஜிம்பாப்வேயின் கல்மதில்களை ஆப்பிரிக்கர்களே கட்டினார்கள் என்று கெர்ட்ரூட் கேட்டன்-தாம்ஸன் 1929-லேயே அகழாய்வு செய்து சொல்லிவிட்டார். ரொடீசியாவின் வெள்ளை அரசுக்கு அது கசந்தது, ஃபினீஷியர் வந்து கட்டினார்கள் என்ற கதை பல பத்தாண்டுகள் விலைபோனது. 1980-ல் விடுதலை பெற்ற நாடு அந்த மதில்களின் பெயரையே தன் பெயராக வைத்துக்கொண்டது. உன் பாடத்திட்டத்தில் ஆப்பிரிக்கா என்றால் எகிப்தோடு சரி. அதையும் வகுப்பில் கேட்டு வை.

புத்தகம் கேட்டிருந்தாய். டாயின்பியின் பன்னிரண்டு தொகுதிகளை இப்போது தொடாதே. கார்டன் சைல்டின் 1936-ஆம் ஆண்டுச் சின்னப் புத்தகம் 'மேன் மேக்ஸ் ஹிம்செல்ஃப்' போதும். நகரம் என்றால் என்னென்ன இருக்க வேண்டும் என்று அவர் 1950-ல் போட்ட பத்து அம்சப் பட்டியல் கைடில் இருக்கும், அதை இன்காக்களோடு ஒப்பிட்டுப் பார். எழுத்து என்று நாம் சொல்வது இல்லாமலே, முடிச்சுப் போட்ட கயிறுகளில் கணக்கு வைத்து ஒரு பேரரசை ஓட்டினார்கள். பட்டியல் தள்ளாடும். ஆங்கிலம் தட்டினால் வெ. சாமிநாத சர்மாவின் 'கிரீஸ் வாழ்ந்த வரலாறு' படி, பழைய நடைதான், ஆனால் ஓடும். நேரு சிறையிலிருந்து மகளுக்கு எழுதிய உலக வரலாற்றுக் கடிதங்களும் நூலகத்தில் கிடைக்கும். தேதிகளுக்கு அதை நம்பாதே, எகிப்தில் இருந்து கொண்டே சீனாவைத் திரும்பிப் பார்க்கிற அந்தப் பழக்கத்துக்காகப் படி.

குரூப் 1 பற்றி உங்கப்பா போனில் சொன்னான். எழுதட்டும் என்றுதான் நானும் சொன்னேன். அதற்கும் இந்தப் படிப்பு உதவும், ஆனால் அதை நினைத்துக்கொண்டே இதைப் படித்தால் இரண்டும் அரைகுறையாகும். முதல் வருஷம் முழுக்க இதைப் படி.

தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இருக்கிறது. சிந்துவெளி ஆய்வுக்கென்றே அங்கே ஒரு மையம் உண்டு, ஐராவதம் மகாதேவன் முன்னின்று தொடங்கியது. ஒரு சனிக்கிழமை போய், அவர் 1977-ல் வெளியிட்ட சிந்துவெளி எழுத்துத் தொகுப்பைக் கேட்டு வாங்கிப் புரட்டு. இன்டர்னல் அசைன்மென்டுக்கு எந்தப் பொருளை எடுக்கிறாய் என்று எனக்கு எழுது. 'எகிப்தின் சிறப்புகள்' என்று தலைப்புப் போட்டு அனுப்பினால் படிக்காமலே திருப்பி அனுப்பிவிடுவேன்.

அன்புடன்,
அத்தை