டம்ளர் கணக்கும் தராசுக் கணக்கும்

மாங்காய் விலை இறங்கும்போதெல்லாம், "ஜாம் போட்டு வித்தா என்ன?" என்ற பேச்சு நம்ம வீடுகளில் எழும். நல்ல யோசனைதான். ஆனால் அடுப்படியில் டம்ளர் கணக்கு, சந்தையில் கிலோ கணக்கு. இரண்டும் ஒன்றுதான் என்று இருந்துவிட்டால் கைக்காசுதான் கரையும்.

ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. மற்ற பொருளுக்கு இது பொருந்தாது. தேன் எடுப்பவர்களைக் கேளுங்க, ஒரு லிட்டர் தேன் சுமார் 1.4 கிலோ நிற்கும் என்பார்கள். பழத்துக்கும் இப்படி ஒரு எண் உண்டு. அதை வீட்டிலேயே கண்டுபிடிக்கலாம்.

1. காலி டம்ளரை மின்னணுத் தராசில் வைத்து, எண்ணைப் பூஜ்ஜியமாக்குங்க. தண்ணீரை நிறைய ஊற்றுங்க. 200 கிராம் காட்டினால், அது 200 மி.லி. டம்ளர்.

2. தண்ணீரைக் கொட்டித் துடைத்துவிட்டு, அதே டம்ளரில் மாங்கூழை நிரப்பி எடை பாருங்க. சுமார் 210 கிராம் வரும்.

3. எடையைக் கொள்ளளவால் வகுங்க. 210 ÷ 200 = 1.05. இதுதான் உங்கள் மாங்கூழின் எண்.

லிட்டரைக் கிலோவாக்க இந்த எண்ணால் பெருக்கணும். கிலோவை லிட்டராக்க வகுக்கணும்.

அதே டம்ளரில் வெள்ளைச் சர்க்கரை சுமார் 170 கிராம்தான் பிடிக்கும். நறுக்கிய மாம்பழத் துண்டு என்றால் சுமார் 140 கிராம். துண்டுகளுக்கு நடுவில் இருப்பது காற்று. பொடித்த வெல்லம் அழுத்தினால் ஒரு எடை, சும்மா போட்டால் வேறு எடை. அதனால் அதை எப்போதும் தராசில்தான் போடணும்.

இப்போது நஷ்டத்தைப் பாருங்க. ஒரு கிலோ கூழுக்கு ஒரு கிலோ சர்க்கரை என்பது செய்முறை. 25 டம்ளர் கூழுக்கு 25 டம்ளர் சர்க்கரை போட்டால், கூழ் 5.25 கிலோ, சர்க்கரை 4.25 கிலோ. முழுசாக ஒரு கிலோ குறைகிறது! ஜாமில் கரைபொருள் 65 சதவீதத்துக்குக் குறையக்கூடாது என்பது உணவுப் பாதுகாப்பு விதி. சர்க்கரை குறைந்த ஜாமை வழக்கமான நேரத்தில் இறக்கினால், நீர்த்திருக்கும், பூஞ்சணம் பிடிக்கும். வாங்கினவர் மறுபடி வரமாட்டார்.

அடுத்தது பாட்டில். பதமாக வந்த ஜாமின் எண் சுமார் 1.3. அதாவது 500 மி.லி. பாட்டிலில் 650 கிராம் ஜாம் போகும். "பாட்டில் அரை லிட்டர்தானே" என்று அரை கிலோ விலைக்கு விற்றால், பாட்டிலுக்கு 150 கிராம் இனாம். 100 பாட்டிலுக்கு 15 கிலோ! அரை கிலோ ஜாமுக்கு 400 மி.லி. பாட்டிலே தாராளம். லேபிளிலும் நிகர எடையைக் கிராமில்தான் போடணும்.

பழத்துக்குப் பழம், ரகத்துக்கு ரகம் எண் மாறும். வங்கியில் பேரேடு எழுதிய பழக்கத்தில் சொல்கிறேன்: ஒரு நோட்டுப் போட்டு, தேதி, ரகம், டம்ளர் எடை, எண் என்று நாலு பத்தி எழுதி வையுங்க. அடுத்த பருவத்துக்கு அதுவே முதலீடு.

ஒரு பயிற்சி: 8 லிட்டர் மாங்கூழுக்கு எத்தனை கிலோ சர்க்கரை? 8 × 1.05 = 8.4 கிலோ. சரியாக வந்ததா? அப்போ அடுப்பைப் பற்ற வைக்கலாம்.