ஓய்வு பெற்றோருக்கு ஓய்வு நேரம்



தமிழில் வேலையிலிருந்து விலகுவதற்கும் ஓய்வு என்றுதான் பெயர், களைப்பாறுவதற்கும் ஓய்வுதான், விருப்பம்போல் செலவிடும் பொழுதும் ஓய்வு நேரம்தான். ஒரே சொல்லாக இருப்பதால் முதலாவது வந்தவுடன் மற்ற இரண்டும் தாமாகவே வந்துவிடும் என்று எண்ணிக்கொள்கிறோம். நானும் அப்படித்தான் எண்ணியிருந்தேன்.

பெங்களூரில் 1940இல் எச்.ஏ.எல்., 1948இல் ஐ.டி.ஐ., 1953இல் எச்.எம்.டி., 1954இல் பி.இ.எல். என்று தொழிற்சாலைகள் தோன்றின. வட ஆற்காடு, தருமபுரி, சேலம் பக்கத்திலிருந்து நம்மவர்கள் பலர் இவற்றை நம்பி இங்கே வந்தார்கள். 1974இல் திருப்பத்தூரிலிருந்து ரயிலேறி வந்த நானும் அப்படி ஒருவன்தான். காக்ஸ் டவுனில் குடியிருந்துகொண்டு, ஒரு தொழிற்சாலையின் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவில் 37 ஆண்டுகள் வேலை செய்து, 2011இல் ஓய்வு பெற்றேன். மாலை, சால்வை, ஒரு சுவர்க் கடிகாரம். நேரம் பார்க்க வேண்டிய அவசியம் தீர்ந்த அன்று கடிகாரம் கொடுக்கிறார்கள்!

ராபர்ட் ஆட்ச்லி என்ற அமெரிக்க சமூகவியல் அறிஞர் 1976இல் எழுதிய நூலில், ஓய்வு பெற்றவர்கள் கடக்கும் கட்டங்களைக் கூறுகிறார். முதலில் தேனிலவு போன்ற ஒரு காலம். அடுத்தது ஏமாற்றம். பிறகு வாழ்க்கையை மறுபடி ஒழுங்குபடுத்திக்கொள்ளும் முயற்சி, அதன்பின் ஒரு நிலை. எல்லாரும் எல்லாக் கட்டங்களையும் கடப்பதில்லை என்றும் சொல்கிறார். என் தேனிலவு இரண்டு மாதம் நீடித்தது. திருப்பத்தூர் போனேன், கல்யாணங்களுக்குப் போனேன், பகலில் தூங்கினேன். மூன்றாம் மாதம் அதிகாலை நாலரைக்கு விழிப்பு வந்தது. கம்பெனி பஸ் மட்டும் வரவில்லை.

அப்போது நான் செய்த காரியத்தைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. வேறு வேலை இல்லாததால் சமையலறையைச் சோதனை செய்ய ஆரம்பித்தேன். மிளகாய்த்தூள் டப்பா ஏன் இங்கே? எண்ணெய் ஏன் இத்தனை சீக்கிரம் தீர்ந்தது? மூன்று வாரம் பொறுத்த என் மனைவி ஒரு நாள், "ஏங்க, இது உங்க கம்பெனி இல்லைங்க. கொஞ்சம் வெளியே போய்ட்டு வாங்க" என்றாள். அன்று முழுவதும் நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. அந்த வருடம் எங்கள் வீட்டில் பேச்சே இல்லாமல் கழிந்த நாட்கள் பல.

37 ஆண்டு பழகிய புத்தி, ஓய்வு பெறும் வயது வந்தது என்பதற்காக நின்றுவிடாது. பழைய பழக்கங்களைத் தொடர முடிகிறவர்களே புதிய நிலைக்கு எளிதில் பழகுகிறார்கள் என்பது, 1989இல் ஆட்ச்லி மேலும் விளக்கி எழுதிய கருத்து. அதற்கு முன்பே, 1982இல், கனடாவைச் சேர்ந்த ராபர்ட் ஸ்டெபின்ஸ் ஓய்வு நேரத்தை இரண்டாகப் பிரித்தார். டி.வி. பார்ப்பது, அரட்டை, குட்டித் தூக்கம் ஆகியவை சாதாரண வகை. முயன்று கற்று, தவறி, மீண்டும் முயன்று தேர்ச்சி பெறும் கலையோ தொண்டோ தீவிரமான வகை. முதல் வகை கெட்டது என்று யாரும் சொல்லவில்லை. பூங்கா பெஞ்சில் நானும் உட்காருகிறேன். ஆனால் அது மட்டுமே இருந்தால் நாள் நகராது.

என் விஷயத்தில் வழி தற்செயலாகக் கிடைத்தது. 1995ஆம் ஆண்டுத் திட்டத்தின் கீழ் பி.எஃப். பென்ஷன் வாங்குவோர் ஆண்டுக்கொரு முறை வாழ்வுச் சான்று கொடுக்க வேண்டும். பழைய தோழர் ஒருவர் தம் படிவத்தை என்னிடம் காட்டினார். பிறந்த தேதி ஓரிடத்தில் ஒரு மாதிரி, மற்றோரிடத்தில் வேறு மாதிரி. உடனே கண்ணில் பட்டது. சமையலறையில் குற்றமாக இருந்த கண், இங்கே உதவியாயிற்று. அன்றிலிருந்து வாரம் இரு நாள் காலையில் காகிதங்களைச் சரிபார்த்துக் கொடுக்கிறேன். 2014இல் ஜீவன் பிரமாண் வந்ததும் விரல் ரேகை வைக்கும் முறை வந்தது. இயந்திரத்தோடு உழைத்துத் தேய்ந்த விரல்களில் ரேகை எளிதில் பதியாமல் பலர் தவித்தார்கள். 2021 முதல் செல்போனில் முகத்தைக் காட்டியும் சான்று கொடுக்கலாம் என்பதை இன்னும் அறியாதவர்கள் நம்மிடையே உண்டு. அருகில் உள்ள பெரியவர்களுக்குச் சொல்லுங்கள்.

மற்றொன்று, கன்னட எழுத்து. இத்தனை ஆண்டுகளாகக் கன்னடம் பேசியும் பஸ் பலகையைப் படிக்கத் தெரியாமல் பக்கத்தில் இருப்பவரைக் கேட்டுக்கொண்டிருந்தேன். 63ஆம் வயதில் பேரன் வாத்தியாரானான். நமக்கு ஒரே 'க', அவர்களுக்கு நான்கு. அதற்குப் பதிலாக அவனுக்கு நான் தமிழ் எழுத்து சொல்லிக் கொடுத்தேன். அவன் பள்ளியில் தமிழ் கிடையாது. மாலை ஆறு மணிக்கு எனக்காக ஒருவன் காத்திருக்கிறான் என்பதே, நான் பழையபடி நேரம் பார்க்கத் தொடங்கக் காரணம். சுவர்க் கடிகாரமும் மாட்டப்பட்டது.

இவற்றுக்குச் செலவு அதிகமில்லை. இந்தப் பென்ஷனுக்கு 2014இல் வகுத்த குறைந்தபட்சத் தொகை மாதம் 1,000 ரூபாய். இதில் கிளப் சந்தா கட்ட முடியாது. அல்சூர் ஏரிப் பக்கம், 1950இல் தொடங்கிய நமது தமிழ்ச் சங்கத்தின் நூலகம் இருக்கிறது. நடந்தே போனால் உடம்புக்கும் நல்லது. வாரத்துக்கு 150 நிமிடமாவது மிதமான உடலுழைப்பு வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் முதியோருக்கும் சொல்கிறது.

கடைசியாக ஒன்று. இந்தப் பாடத்தில் நான் வெகு தாமதமாகப் படித்த பகுதி இதுதான். குடும்பத் தலைவிக்கு ஓய்வு பெறும் தேதி கிடையாது. கணவன் ஓய்வு பெற்றால் அவளுக்கு வேலை கூடுகிறது: பதினொரு மணிக்கு ஒரு காப்பி, மத்தியானம் சுடச்சுடச் சாப்பாடு. நான் வேலைக்குப் போன நாட்களில் மத்தியானம் இரண்டு மணி நேரம் என் மனைவிக்குச் சொந்தமாக இருந்தது. தொடர்கதை படிப்பாள், தையல் போடுவாள். அதை நான் பறித்துக்கொண்டேன் என்று அவள் ஒருமுறைகூடச் சொன்னதில்லை, மகள்தான் சொன்னாள். இப்போது சனிக்கிழமை மாலை அவள் தோழிகளோடு வெளியே போகிறாள். காப்பியை நானே போட்டுக்கொள்கிறேன். டிகாஷன் இன்னும் சரியாக இறங்குவதில்லை. மிளகாய்த்தூள் டப்பா அவள் வைத்த இடத்திலேயே இருக்கிறது.