பழைய மடிக்கணினிக்கு வேறு பிராசஸர் போடலாமா?

"மடிக்கணினி மெதுவாகிவிட்டது, பிராசஸரை மட்டும் மாற்றினால் போதாதா சார்?" என்று நம் சங்க அன்பர்கள் சிலர் என்னிடம் கேட்பதுண்டு. பிள்ளைகளின் பாடமே அதில்தான் நடக்கிறது என்றால், கை வைக்குமுன் விவரம் தெரிந்துகொள்வது நல்லது.

ரயில்வேயில் இதற்கு ஓர் உதாரணம் உண்டு. 2600 குதிரைத்திறன் கொண்ட டபிள்யூ.டி.எம்.-2 டீசல் எஞ்சின்களைப் பாட்டியாலாவில் 3100 குதிரைத்திறனுக்கு உயர்த்தினார்கள். அப்போது டர்போசார்ஜர், ஆஃப்டர்கூலர் ஆகியவற்றையும் சேர்த்தே மாற்றினார்கள். திறன் கூடினால் சூடும் கூடும். அது வெளியேற வழி வேண்டும்.

2011-ல் வந்த திங்க்பேட் டி420-ஐ எடுத்துக்கொண்டு மூன்று கேள்விகளைப் பார்ப்போம்.

1. கழற்ற முடியுமா? டி420-ல் பிராசஸர் சாக்கெட்டில் உட்கார்ந்திருக்கும், கழற்றலாம். இன்டெல் 5-ஆம் தலைமுறையிலிருந்து மடிக்கணினிப் பிராசஸர்கள் பொதுவாக போர்டிலேயே பற்றவைக்கப்பட்டவை. அதற்கு முந்தியவற்றிலும் பெயர் 'யு' என்று முடிந்தால் கழற்ற முடியாது.

2. பயாஸ் ஏற்குமா? 3-ஆம் தலைமுறைப் பிராசஸர் இதே சாக்கெட்டில் பொருந்தும். ஆனால் டி420-இன் பயாஸ் அதை ஏற்காது. 2-ஆம் தலைமுறைக்குள்ளேயே தேடவேண்டும்.

3. விசிறி தாங்குமா? ஐ5-2520எம் 35 வாட், 2.5 கிகாஹெர்ட்ஸ். ஐ7-2640எம் அதே 35 வாட், 2.8 கிகாஹெர்ட்ஸ். இரண்டிலும் 2 கோர்தான், லாபம் சொற்பம். 4 கோர் உள்ள ஐ7-2720க்யூஎம் 45 வாட். சூடு ஏறினால் அது தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும்.

மாற்றுவதென்றே முடிவு செய்தால், முதலில் சார்ஜரையும் பேட்டரியையும் கழற்றுங்கள். சாக்கெட்டின் பூட்டுத் திருகைத் திருப்பினால் பிராசஸர் தானே தளரும், நெம்பக்கூடாது. மூலையிலுள்ள முக்கோணக் குறி பார்த்து, அழுத்தாமல் வையுங்கள். பழைய பசையைத் துடைத்துவிட்டு, புதிய தெர்மல் பேஸ்ட் ஓர் அரிசியளவு போதும்.

ஆனால் என் யோசனை வேறு. ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்.எஸ்.டி. போடுங்கள், ராமை 8 ஜிபி ஆக்குங்கள், விசிறித் தூசியைத் தட்டுங்கள். வித்தியாசம் அன்றே தெரியும்.

ஒரு எச்சரிக்கை. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-க்கு மைக்ரோசாஃப்ட் கேட்பது இன்டெல் 8-ஆம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தியது. டி420-ல் எந்தப் பிராசஸரை மாற்றினாலும் அந்தத் தகுதி வராது. லினக்ஸ் போட்டால் பாடத்துக்குத் தாராளமாக உதவும். பிராசஸருக்கென்று எடுத்து வைத்த பணத்தை எஸ்.எஸ்.டி.க்குச் செலவிடுங்கள்.