வெண்புள்ளியும் வீண்பழியும்

ஜூன் மாதத்தில் பள்ளிகள் திறந்து, புது வகுப்பில் பிள்ளைகள் இடம் பிடித்து அமரும் அந்த முதல் நாட்களில், உதட்டோரத்திலோ விரல் நுனிகளிலோ வெள்ளைத் திட்டுகள் படர்ந்த ஒரு சிறுமி வந்து உட்கார்ந்தால், பக்கத்துப் பிள்ளை மெல்ல நகர்ந்துகொள்வதை நாம் கண்டிருக்கிறோம். நகர்ந்த பிள்ளையைக் குற்றம் சொல்வதற்கில்லை. 'அவள் குடித்த தம்ளரைத் தொடாதே' என்று வீட்டில் உபதேசித்தவர்கள் பெரியவர்கள்தாமே!

இந்த அச்சத்துக்கு மூலகாரணம் ஒரு பெயர். வெண்புள்ளி என்று சொல்ல வேண்டியதை, 'வெண்குஷ்டம்' என்று தலைமுறை தலைமுறையாகச் சொல்லிப் பழகி, அச்சொல்லின் வாயிலாகவே அது குஷ்டரோகத்தின் ஒரு வகை என்னும் நம்பிக்கையையும் வளர்த்துவிட்டோம். குஷ்டமென்பது, 1873-ல் நார்வே தேசத்து வைத்தியர் ஹான்சன் கண்டறிந்த ஒரு கிருமியால் உண்டாவது. வெண்புள்ளியோ, சருமத்துக்கு நிறமூட்டும் மெலனினை உற்பத்தி செய்கிற உயிரணுக்களை, தேகத்தைக் காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தியே பகையென்று பிழையாக எண்ணி அழித்துவிடுவதால் நேர்வது. அங்கே கிருமியே இல்லையாதலால், ஒட்டிக்கொள்வதற்கும் ஒன்றுமில்லை. குஷ்டத் தேமலில் உணர்ச்சி மங்கும். வெண்புள்ளியின்மேல் எறும்பு ஊர்ந்தாலும் குழந்தை உடனே அறியும். இன்னொன்றையும் சொல்லாமல் விடுவது அநியாயம்: குஷ்டமேயானாலும், கூட்டு மருந்துச் சிகிச்சை தொடங்கியபின் அது விரைவிலேயே பரவும் தன்மையை இழந்து, முற்றிலும் குணமாகிவிடுகிறது, ஆகவே குஷ்டமுள்ள குழந்தையை விலக்கிவைக்கவும் நமக்கு நியாயமில்லை.

மீனும் பாலும் சேர்த்து உண்டதால் வந்தது என்பார் சிலர். எலுமிச்சையும் தயிரும் ஆகாதென்பார் வேறு சிலர். எந்த உணவுச் சேர்க்கையும் வெண்புள்ளியை உண்டாக்குவதில்லை. ஆயினும், அந்த நம்பிக்கையின் பலனாக, வளர வேண்டிய குழந்தையின் இலையிலிருந்து பாலும் மீனும் பழமும் ஒவ்வொன்றாக மறைவதும், பெற்ற தாயை 'நீ என்ன கொடுத்தாய்?' என்று உறவினர் விசாரிப்பதும் மிகவும் வருந்தத்தக்கவை. முற்பிறவிப் பாபம் என்னும் பேச்சுக்கு ஒரு வரியே போதும்: உலகில் நூறு பேரில் ஏறக்குறைய ஒருவருக்கு உள்ள இந்நிலை, அவர்களில் சுமார் பாதிப்பேருக்கு இருபது வயதுக்குள்ளேயே தோன்றிவிடுகிறது, பள்ளிச் சிறார் செய்த பாபந்தான் என்ன?

பரிவின் வேஷத்தில் வரும் தவறு ஒன்றுண்டு. 'பாவம், இவளால் ஆகாது' என்று விளையாட்டிலிருந்து விலக்கி, ஆண்டு விழா நடனத்தில் கடைசி வரிசையில் நிறுத்துவார்கள். அவளுக்குப் பலவீனம் ஏதுமில்லை. நிறமிழந்த சருமம் கடும் வெயிலில் சீக்கிரம் கன்றிப்போகும் என்பதால் நடுப்பகலில் நிழலும், சிராய்த்த இடத்தில் சிலருக்குப் புதுத் திட்டு தோன்றக்கூடும் என்பதால் காயம் படாமல் சற்றுக் கவனமும் வேண்டும், அவ்வளவே.

'பிள்ளைகள் கேலி செய்வது சகஜம், வளர்ந்தால் சரியாகிவிடும்' என்பதே இவை யாவற்றினும் கொடிய நம்பிக்கையென்று நான் கருதுகிறேன். எந்தக் குழந்தையையும் மனத்துன்பத்துக்கு ஆளாக்கலாகாதென்று 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவே விதித்திருக்கையில், பட்டப்பெயர் காதில் விழுந்தும் விழாததுபோல் ஆசிரியர் கடந்து செல்வது எவ்வாறு தகும்?

தமக்கு இந்நிலை உண்டென்று 1993-ல் உலகறியச் சொன்ன பாடகர் மைக்கேல் ஜாக்சன் மறைந்த ஜூன் 25-ஆம் நாள், உலக வெண்புள்ளி தினமாக 2011 முதல் அனுஷ்டிக்கப்படுகிறது. நம் பள்ளிகள் திறந்த சில வாரங்களில் அது வந்துவிடுகிறது. ஆசிரியப் பெருமக்களே, அன்று பத்து நிமிஷம் ஒதுக்குங்கள். வகுப்பில் அத்தகைய குழந்தை இருந்தால், அவளையும் பெற்றோரையும் முன்னதாகக் கேட்டு, அவர்கள் சம்மதித்த அளவில், யாரையும் சுட்டாமல், இது ஒட்டாது என்பதையும் ஏன் ஒட்டாது என்பதையும் எல்லாப் பிள்ளைகளுக்கும் விளங்கச் சொல்லுங்கள்.