தண்ணீர்தானே என்கிறாயே!

அன்புள்ள கயல்விழி,

உன் கடிதம் கிடைத்தது. பரீட்சை, விடுதிச் சாப்பாடு, பாட்டியின் மூட்டுவலி எல்லாம் படித்தேன். நீர் சிகிச்சையைப் பற்றி, "மருந்தா, மாத்திரையா? வெறும் தண்ணீர்தானே ஐயா! பலன் இல்லாவிட்டாலும் கெடுதல் இல்லையே" என்று கடைசியில் எழுதியிருந்தாயே, அதுதான் உறுத்திக்கொண்டே இருக்கிறது. இயன்முறை மருத்துவம் படிக்கிற பெண் எழுதுகிற வரியா அது?

மிதப்பு விசையைப் பற்றி உனக்குப் பாடம் நடத்தப் போவதில்லை. அதை உடம்போடு பொருத்திப் பார், போதும். கழுத்தளவு நீரில் நிற்பவருடைய எடையில் சுமார் பத்தில் ஒரு பங்குதான் பாதத்தில் இறங்குகிறது. இடுப்பளவு நீரில் ஏறத்தாழப் பாதி. தரையில் நாலடி வைக்கவே முனகுகிற மூட்டுவலிக்காரர், 33 முதல் 35 டிகிரி செல்சியஸ் வரை இளஞ்சூடான குளத்தில் இறங்கியதும் நடை பழகுவது இதனால்தான். ஆனால் அதே நீர் கால்களையும் வயிற்றையும் அழுத்தி, முக்கால் லிட்டர் அளவுக்கு ரத்தத்தை மார்புப் பக்கம் தள்ளிவிடுகிறது. நல்ல இதயம் அதைச் சமாளிக்கும், தளர்ந்த இதயம் திணறும். தண்ணீர் உடம்பின் நச்சை நீக்கும் என்கிறார்களே, இதில் அந்த 'நச்சு நீக்கம்' எங்கிருந்து வந்தது? அந்த வேலைக்குக் கல்லீரலும் சிறுநீரகமும் இருக்கின்றன.

இந்த நச்சுக் கதை புதிதல்ல. லைப்சிக் நகரத்து லூயி கூனே, உடம்பில் தேங்கும் அந்நியப் பொருள்களே எல்லா நோய்க்கும் வேர் என்று எழுதி, இடுப்புக் குளியலைப் பரப்பினார். அதை நம்பிப் படித்தவர்களில் ஒருவர் காந்தி. அவருடைய சுயசரிதையான சத்திய சோதனையில் மகனுக்கு அவர் செய்த சிகிச்சையைச் சொல்லும் பகுதியை எத்தனை முறை படித்தாலும் எனக்கு அலுப்பதில்லை. 1902, பம்பாய். காந்தியின் பத்து வயது மகன் மணிலாலுக்கு டைபாய்டு, கூடவே நிமோனியா. முட்டையும் கோழிச்சாறும் கொடுக்கச் சொன்ன மருத்துவரை மறுத்துவிட்டுக் காந்தி தண்ணீரை நம்புகிறார். காய்ச்சல் 104-ஐத் தொடுகிறது. துணியைக் குளிர்ந்த நீரில் நனைத்துப் பிழிந்து பையனைச் சுற்றி, மேலே இரண்டு கம்பளி போர்த்தி, தலையில் ஈரத்துண்டு வைக்கிறார். கஸ்தூர்பாவிடம் பையனை ஒப்படைத்துவிட்டு, மனம் கேட்காமல் சௌபாத்திக் கடற்கரைப் பக்கம் நடந்துவிட்டு வருகிறார். திரும்பும்போது பையனுக்கு வியர்த்துக் கொட்டுகிறது, காய்ச்சல் இறங்குகிறது.

'பார்த்தீர்களா, தண்ணீரின் மகிமை!' என்று மேடையில் முழங்குகிறவர்கள் இந்த இடத்தோடு புத்தகத்தை மூடிவிடுகிறார்கள். அடுத்த பக்கத்தைப் புரட்டினால்தானே? பிழைத்தது கடவுள் அருளாலா, நீர் சிகிச்சையாலா, பத்தியத்தாலும் கவனிப்பாலுமா என்று யார் சொல்ல முடியும் என்று காந்தியே கேட்கிறார். டைபாய்டுக் கிருமியைக் கொல்லும் மருந்து இல்லாத காலத்திலும் அதில் விழுந்தவர்களில் பெரும்பாலோர் பிழைத்தார்கள் என்பதையும் சேர்த்துக்கொள்.

இதன் பக்கத்தில் இன்னொரு வீட்டை வைத்துப் பார். சார்லஸ் டார்வின் 1849-இல் இங்கிலாந்தின் மால்வெர்ன் ஊரில் டாக்டர் கல்லியிடம் நீர் சிகிச்சை எடுத்துத் தெம்பானார். அந்த நம்பிக்கையில் 1851-இல் நோயுற்ற மகள் ஆனியை அதே கல்லியிடம் அனுப்பினார். அவள் அங்கேயே இறந்தாள். அவளுக்கும் பத்து வயதுதான். மணிலாலை வைத்துத் தண்ணீருக்கு மாலை போடுகிறவர், ஆனியை வைத்து அதைத் தூற்றவும் வேண்டுமல்லவா? ஒரு பிள்ளையின் கதை இரண்டு பக்கமும் சாட்சி சொல்லாது, கயல். இதை உன் வகுப்பில் யாராவது சொல்லித் தருகிறார்களா?

சரி, கெடுதலுக்கு வருகிறேன். என் பக்கத்து வீட்டுக்காரர் கால்வலிக்கென்று வாளி வெந்நீரில் காலை விட்டபடி செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார். அந்தத் தண்ணீரில் என்னால் விரலை வைக்க முடியவில்லை. அவருக்கோ சுடவே இல்லை, பல வருடச் சர்க்கரை! மறுநாள் குதிகாலில் கொப்புளம், அப்புறம் புண், மாதக்கணக்கில் கட்டு. உணர்ச்சி மங்கிய காலுக்கு வெந்நீர் வேண்டவே வேண்டாம்.

குளிர்நீர் மட்டும் சாதுவா? திடீரென்று இறங்கினால் முதல் நிமிடத்திலேயே மூச்சு இரைக்கும், நாடி எகிறும், ரத்த அழுத்தம் ஏறும். ஜெர்மானியப் பாதிரியார் செபாஸ்டியன் க்னைப் குளிர்நீரைக் கொண்டாடியவர்தான். அவர் வழிவந்தவர்களும் குளிர்ந்திருக்கும் உடம்பில் குளிர்நீரை ஊற்றக் கூடாது, முதலில் உடம்பு சூடேற வேண்டும் என்கிறார்கள். காய்ச்சல்காரரை ஐஸ் தண்ணீரால் துடைத்தால் நடுக்கம் எடுத்து உடம்பு இன்னும் சூடாகும். வலிப்பு நோய் உள்ளவரைத் தனியாகத் தொட்டியில் விடாதே. ஆறாத புண்ணோடு யாரையும் குளத்தில் இறக்காதே. காலையில் வெறும் வயிற்றில் லிட்டர் கணக்கில் குடிக்கச் சொல்கிறார்களே, சிறுநீரகம் மணிக்கு ஏறத்தாழ ஒரு லிட்டர் வரைதான் வெளியேற்றும். அதற்குமேல் குடித்துக்கொண்டே போனால் ரத்தத்தில் சோடியம் தாழ்ந்து மூளை வீங்கும். இதய நோயாளிக்கும் சிறுநீரக நோயாளிக்கும் ஆபத்து அதற்கு முன்பே வந்துவிடும்.

நாளை நீ ஒரு நோயாளிக்கு நீர் சிகிச்சை எழுதினால், எத்தனை டிகிரி, எத்தனை நிமிடம், எவ்வளவு ஆழம், கூட யார் நிற்க வேண்டும் என்ற நான்கையும் எழுது. உன் பாட்டிக்கும் அப்படித்தான். இந்த நான்கும் இல்லாத சீட்டு என் கண்ணில் பட்டால் கிழித்துப் போட்டுவிடுவேன், சொல்லிவிட்டேன்.

அன்புடன்,
உன் ஆசிரியர்